மின்கசிவு என்ற சொல்லோடு முடிந்துவிடும் விசாரணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் தீப்பற்றி எரிந்த செய்தி நாளிதழ்களில் வரும்போதெல்லாம் அதன் கடைசி வரி ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கவனித்து வருகிறேன். மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளதாக எழுதி முடித்துவிடுகிறீர்கள். இரண்டாம் கட்ட விசாரணை நடந்ததா, அதில் என்ன தெரிந்தது என்பதை நான் எங்கும் படித்த நினைவில்லை. எந்தக் கம்பி, எந்த இடத்தில் உரசியது, அதை அங்கே பொருத்தியவர் யார் என்று சொல்லாமல் மின்கசிவு என்று மட்டும் எழுதுவது, ஒருவர் இறந்ததற்கு மூச்சு நின்றதே காரணம் என்று சான்றிதழ் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

தீ விபத்தில் உள்ள பெரிய சிக்கல், தடயமும் சேர்ந்து எரிந்துவிடுவதுதான். பிரேக் பிடிக்காமல் மோதிய வண்டியில் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கலாம். எரிந்த வண்டியிலோ, குறை இருந்திருக்கக்கூடிய ரப்பர்க் குழாயும் பிளாஸ்டிக் உறையும் வயரிங்கும்தான் முதலில் சாம்பலாகின்றன. அந்தச் சாம்பலை வைத்துக்கொண்டு தயாரிப்புக் குறையை நிரூபிக்கும்படி உரிமையாளரிடம் கேட்பது நியாயமாகாது. அதே மாதிரிக் கார்கள் இதற்கு முன் எத்தனை எரிந்தன, எந்த உதிரிபாகம் பற்றி உத்தரவாதக் காலத்தில் எத்தனை புகார்கள் வந்தன, வடிவமைப்பு எப்போது சத்தமில்லாமல் மாற்றப்பட்டது என்ற விவரங்கள் அனைத்தும் தயாரிப்பாளரின் கோப்புகளில் கிடக்கின்றன. கோப்பு யாரிடம் இருக்கிறதோ, நிரூபிக்கும் சுமையும் அவரிடமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை வெறும் சந்தேகத்தால் சொல்லவில்லை. 2018-இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. இன்ஜினின் புகையை மறுபடியும் உள்ளே அனுப்பும் அமைப்பில் உள்ள குளிர்விப்பானிலிருந்து கசிந்த திரவம், அங்கே படிந்திருந்த கரியோடு சேர்ந்து சூடேறியதிலிருந்து தீ தொடங்கியது. பரிசோதனை செய்யப்படாத கார்களை ஓட்டக்கூடாது என்று அரசு தடை விதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், நிறுவனம் குறையை முன்பே அறிந்திருந்தும் மறைத்தது என்று அரசின் விசாரணைக் குழு கூறியது. 1,120 கோடி வொன் அபராதமும் விதிக்கப்பட்டது. அந்த விசாரணை மட்டும் நடந்திராவிட்டால், ஒவ்வொரு காரும் தனித்தனியே ஒரு மின்கசிவாகவே கணக்கில் ஏறியிருக்கும்.

இத்தகைய விவாதங்களில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த பின்டோ காரைக் குறிப்பிடாதவர் குறைவு. பின்புற மோதலில் எரிபொருள் தொட்டி கிழிந்து தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 1978-இல் சுமார் 15 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு காருக்கு 11 டாலர் செலவிடுவதைவிட இறப்புக்கு இழப்பீடு கொடுப்பது மலிவு என்று அந்நிறுவனம் கணக்குப் போட்டதாகச் சொல்லப்படும் கதையில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. அந்தக் கணக்கு இடம்பெற்ற குறிப்பு பின்டோவைப் பற்றியதன்று. வண்டி கவிழ்ந்து உருளும்போது எரிபொருள் கசிவதைத் தடுக்கும் விதி பற்றி, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு அளிக்கப்பட்ட ஆவணம் அது. ஓர் உயிருக்கு இரண்டு லட்சம் டாலர் என்ற மதிப்பும் அந்த அரசு அமைப்பிடமிருந்தே எடுக்கப்பட்டது. நிறுவனத்தின் பழி இதனால் குறைந்துவிடாது. ஆனால் அந்தக் கணக்கில் அரசின் கையும் இருந்தது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

குறையுள்ள கார்களை நிறுவனம் திரும்ப அழைப்பதை (ரீகால்) குறிக்கும் 'திரும்பப் பெறுதல்' என்ற நம் சொல்லும் வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது. காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுவார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் நடப்பது இலவசப் பழுதுபார்ப்பு. அதற்கும் உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் சுமார் 34 லட்சம் கார்களுக்கு இத்தகைய அறிவிப்பை வெளியிட்டபோது, பழுது நீக்கப்படும்வரை காரைக் கட்டடங்களை விட்டு விலக்கித் திறந்தவெளியில் நிறுத்துமாறு அறிவுறுத்தின. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் தீப்பிடிக்கலாம் என்பதால் அறிவுரை சரியானதே. ஆனால் திறந்தவெளியே இல்லாத அடுக்குமாடிக்காரர் என்ன செய்வார்? அவரது கார் இரவில் எரிந்து பக்கத்து வண்டிகளும் எரிந்தால், எச்சரித்தோமே என்று நிறுவனம் விலகிக்கொள்ள இடம் தரலாமா? எச்சரிக்கைக் கடிதம் கைமாறியதாலேயே பொறுப்பும் கைமாறியதாக ஆகிவிடக் கூடாது. கடிதம் எல்லோருக்கும் சேர்வதும் இல்லை. நான் வாங்கிய பழைய கார் பற்றிய கடிதம் முந்தைய உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. சேஸிஸ் எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விவரம் தெரிந்தது.

குறைபாடு உதிரிபாகம் செய்து தந்தவருடையதாக இருந்தால் வாங்கியவர் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதற்கு, செவ்ரோலே போல்ட் நல்ல எடுத்துக்காட்டு. பேட்டரி செல்களில் இருந்த குறையால் 2021-இல் அந்த மின்சாரக் கார்கள் அனைத்தும், ஏறத்தாழ 1.4 லட்சம், திரும்ப அழைக்கப்பட்டன. வாடிக்கையாளருக்குக் காரைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் பதில் சொன்னது. செல்களைத் தந்த எல்.ஜி., சுமார் 190 கோடி டாலரை அந்நிறுவனத்துக்கு ஈடுசெய்ய ஒப்புக்கொண்டது. அவர்களுக்குள் யார் எவ்வளவு கொடுப்பது என்பது அவர்கள் பாடு.

உரிமையாளர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிடவில்லை. கூடுதல் விளக்குக்காகவோ ஒலிபெருக்கிக்காகவோ வயரிங்கை அறுத்து ஒட்டுநாடா சுற்றுபவர்களும், ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸைச் செருகுபவர்களும் உண்டு. அது நிரூபிக்கப்பட்டால் பொறுப்பு அவர்களுடையதே. வெளிக்கடையில் ஒரு விளக்கு மாட்டியதாலேயே எந்தத் தீக்கும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கார் எரிந்த செய்தியை வெளியிடும்போது அதன் மாதிரி, தயாரித்த ஆண்டு, அதற்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா ஆகிய விவரங்களைச் சேர்த்து வெளியிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே செய்தியாளரை அதே காவல் நிலையத்துக்கு அனுப்பி, விசாரணை எங்கே நிற்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்