தனி ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்க ஊர் சபா கச்சேரிக்கு உங்க பேப்பர்ல வந்த விமர்சனத்த படிச்சேன். கல்யாணி ஆலாபனைக்கு ரெண்டு பாரா, பாடகி கட்டியிருந்த புடவைக்கு அரை வரி, கடைசில "தனி ஆவர்த்தனமும் களை கட்டியது". பாட்டு நின்னு மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற தனிக்கு அவ்ளோதான். கடம்ங்கிற மண்பானைய வாசிச்ச பையன் பேரு கூட போடல.

நான் மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன். சின்ன வயசுல மூணு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டு கை வராம விட்டவன், அதனால வாசிக்க வராது, என்ன நடக்குதுன்னு ஓரளவு புரியும். மிருதங்க வித்வானும் அந்த பையனும் அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒண்ணா மேடை ஏறுறாங்களாம், சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் அறிமுகமே ஆச்சுன்னு கச்சேரி முடிஞ்சு அவங்களே சொன்னாங்க. ஒத்திகை கிடையாது, எழுதி வெச்ச நோட்டு கிடையாது, எந்த பாட்டுக்கு தனி விடுவாங்கன்னு கூட முன்னாடி தெரியாது. ஆதி தாளம், ஒரு சுத்துக்கு (அதுதான் ஆவர்த்தனம்) எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, ஒவ்வொண்ணையும் நாலு நாலா பிரிச்சா 32 மாத்திரை, இந்த கணக்கு ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் பொது.

குறைப்பு வந்துச்சு. வித்வான் ஒரு ஆவர்த்தனம் வாசிப்பார், பையன் ஒரு ஆவர்த்தனம் பதில் சொல்லுவான், அப்புறம் அரை, கால்னு சுருங்கிக்கிட்டே போகும். நடுவுல அவர் திடீர்னு கண்ட நடைக்கு தாவிட்டார், நாலா ஓடினத அஞ்சஞ்சா வெட்டறது. பையன் ஒரு செகண்ட் முழிச்சான். அப்புறம் அவர் வாசிச்சத அப்படியே திருப்பாம, பாதிய வாசிச்சுட்டு மீதி எடத்த சும்மா விட்டுட்டான், சத்தமே இல்ல, பாடகியோட தாளம் போடுற கை மட்டும் ஓடுது, கரெக்டா சமத்துல, அதாவது தாளம் மறுபடி ஆரம்பிக்கிற எடத்துல, கடத்து வாய வயித்தோட அழுத்தி ஒரே ஒரு கும். வித்வான் "பேஷ்"னு வாய் விட்டே சொல்லிட்டார். சொன்னதோட விடல, அடுத்த சுத்துல அந்த இடைவெளிய அவரும் எடுத்துக்கிட்டு இன்னும் நீட்டினார், பையன் அத ரெண்டா உடைச்சான், கடைசில அது யாரோட ஐடியான்னு கேட்டா ரெண்டு பேராலயும் சொல்ல முடியாது.

தனிய முடிக்க மூணு தரம் வாசிக்கிற கணக்கு, கோர்வை, அதுவும் அப்படித்தான். ததிங்கிணதொம்ங்கிற சொல்லு அஞ்சு மாத்திரை, மூணு தரம் வாசிச்சா 15, மிச்சம் 17-அ எதையாவது வெச்சு ரொப்பணும், அந்த ரொப்புறதுதான் வித்தை. முதல் தடவை பையன் கைய கடத்து மேல வெச்சுக்கிட்டு கேட்டான், ரெண்டாவது தடவை விரல் நுனியால லேசா தொட்டுப் பார்த்தான், மூணாவது தடவை ரெண்டு வாத்தியமும் ஒரே சத்தம்.

இது நடக்கும்போது பாதி ஹால் கேன்டீன்ல போண்டாவுக்கு நின்னுச்சு. (எங்க வீட்டம்மாவும்தான், அதனால யாரையும் திட்ட மாட்டேன்.)

2024ல, நம்ம சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்து வாசிக்கிற சக்தி குழுவுக்கு கிராமி கெடச்சப்ப செல்வகணேஷோட கஞ்சிரா பத்தி எல்லாரும் எழுதினாங்க, சந்தோஷம். அவங்க அப்பா விக்கு விநாயக்ராம் 1970கள்லயே அதே குழுவுல ஜான் மெக்லாலின் கிட்டாருக்கும் ஜாகிர் உசேன் தபலாவுக்கும் நடுவுல கடத்த வெச்சுக்கிட்டு உக்காந்தவர். அந்த தைரியம் வந்ததே நம்ம ஊர் தனி ஆவர்த்தனத்துல வாசிச்சு வாசிச்சுத்தான்னு நான் நினைக்கிறேன். வெளிநாட்டு மேடைல நடந்தா புதுமை, பக்கத்து தெரு சபால நடந்தா போண்டா டைமா?

விமர்சனம் எழுத வர்றவர் தனி முடியுற வரைக்கும் எந்திரிக்காம இருக்கட்டும் சார். யார் எத ஆரம்பிச்சாங்க, இன்னொருத்தர் அத என்ன பண்ணினார்னு ரெண்டே வரி போதும். சபா நோட்டீஸ் எங்கிட்ட பத்திரமா இருக்கு, கடம் வாசிச்சவர் பேரு வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன், திருத்தம்னு ஒரு மூலையிலயாவது போடுங்க.

இப்படிக்கு,
30 வருஷ வாசகன்,
மயிலாடுதுறை