பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். நமது அறிவியல் மன்றத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு 6 முறை கூடியது. மாதக் கூட்டங்கள் 12-இல் 10 நடந்தன. வான்நோக்கு இரவுகள் 4 திட்டமிட்டு, மேகமூட்டத்தால் ஒன்றைக் கைவிட்டோம். நூலகத்துக்கு 37 நூல்கள் வந்தன, பெரும்பாலானவை நன்கொடை. மாணவர் வினாடி வினா வழக்கம்போல் நடந்தது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கும் மன்றத்தின் அஞ்சலியை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி, இந்த ஆண்டு மன்றத்தின் நேரத்தையும் என் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். அறிவியலிலும் கள ஆய்விலும் உழைத்த பெண்களுக்கு மன்றத்தின் சார்பில் ஒரு தனி விருது தொடங்கினோம். அதைப் பற்றி நேரிலும் தொலைபேசியிலும் நிறையக் கேள்விகள் வந்தன. இருக்கிற விருது போதாதா என்று சிலர் கேட்டார்கள். யாரைக் கேட்டுத் தொடங்கினீர்கள் என்றும் கேட்டார்கள். செயற்குழுவைக் கேட்டுத்தான் தொடங்கினோம், தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் ஏன் தொடங்கினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வான்நோக்கு இரவுகளில் நாம் பயன்படுத்தும் 6 அங்குலத் தொலைநோக்கியில் படம் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. ஆடியைக் கழற்றித் துடைக்க எடுத்தேன். அதன் பின்புறம், பூச்சு இல்லாத கண்ணாடியில், ஒரு தேதியும் இரண்டு எழுத்துகளும் கீறப்பட்டிருந்தன. அந்த எழுத்துகள் யாருடையவை என்று தெரியாமல் பழைய விருதுப் பதிவேட்டைப் புரட்டினேன். மன்றம் 14 ஆண்டுகளாகக் கொடுத்துவரும் அறிவியல் தொண்டு விருதுப் பட்டியலில் 13 இடங்களில் ஆண்களின் பெயர் மட்டும். ஓரிடத்தில், தொலைநோக்கி செய்து கொடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில், “மற்றும் துணைவியார்” என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. மூத்த உறுப்பினர்களிடம் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கார்போரண்டம் என்ற தேய்ப்புத் தூளைப் போட்டுக் கண்ணாடிமேல் கண்ணாடி வைத்து மாதக்கணக்கில் தேய்த்தவர் அந்த அம்மாதான். ஆடியின் வளைவு சரியா என்று பார்க்கும் கத்திமுனைச் சோதனையில் நிழலைப் பார்த்து, இன்னும் எங்கே தேய்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். கணவர் குழாயையும் தாங்கியையும் செய்தார். நாம் சனியின் வளையத்தைப் பார்த்ததெல்லாம் அந்த அம்மா தேய்த்த ஆடியில்தான். நம் பதிவேட்டிலோ அவருக்குப் பெயர் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய இடங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1903-இல் இயற்பியல் நோபலுக்குப் பிரெஞ்சு அறிவியலாளர்கள் அனுப்பிய பரிந்துரையில் பெக்கரெல், பியர் கியூரி இருவர் பெயர்தான் இருந்தது. ஸ்வீடன் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்ளர் இதைப் பியருக்குத் தெரிவித்தார். மேரியை விட்டுவிடக் கூடாது என்று பியர் பதில் எழுதிய பிறகுதான் மேரி கியூரியின் பெயர் சேர்ந்தது. யாரோ ஒருவர் கடிதம் எழுதியதால் அது நடந்தது. எழுதாமல் இருந்திருந்தால் அங்கேயும் “மற்றும் துணைவியார்” என்றுதான் இருந்திருக்கும்.

வானியலாளர் கரோலின் ஹெர்ஷல் தன் அண்ணன் வில்லியம் ஆடி தேய்க்கும்போது கை எடுக்க முடியாது என்று அவருக்கு வாயில் ஊட்டிவிட்டவர். அப்புறம் தானே வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தவர். அவருக்கு அரச வானியல் கழகம் 1828-இல் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே பதக்கம் அடுத்து ஒரு பெண்ணுக்குப் போனது 1996-இல், வானியலாளர் வேரா ரூபினுக்கு. நடுவில் 168 ஆண்டுகள். இயற்பியலாளர் லிசே மைட்னர் நோபலுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு கிடைக்கவில்லை. அணுக்கருப் பிளவுக்கான 1944-ஆம் ஆண்டு வேதியியல் பரிசு அவரோடு சேர்ந்து உழைத்த ஓட்டோ ஹானுக்கு மட்டும் போனது. சீரான ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீனான பல்சாரின் முதல் தடயத்தை 1967-இல் பதிவுத்தாளில் பார்த்தவர் ஜோசலின் பெல். 1974-இல் நோபல் அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குப் போனது. 2018-இல் அவருக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தபோது, அதை அப்படியே இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து வருகிறவர்களுக்காக அந்த நிதி. இதைப் படித்தபோது கண் கலங்கியது என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பெண்களின் உழைப்பு ஆண்களின் பெயரில் வரவு வைக்கப்படுவதற்கு மார்கரெட் ராசிட்டர் என்ற வரலாற்றாசிரியர் 1993-இல் ‘மெடில்டா விளைவு’ என்று பெயர் வைத்தார்.

கள ஆய்விலும் இதே கதைதான். லண்டனிலுள்ள அரச புவியியல் கழகம் 1860-இல் ஜேன் ஃபிராங்க்ளினுக்கும் 1869-இல் மேரி சோமர்வில்லுக்கும் பதக்கம் கொடுத்தது, ஆனால் இருவரும் உறுப்பினராக முடியாது. 1892-93-இல் 22 பெண்களைச் சேர்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கதவை மூடி 1913-இல்தான் திறந்தார்கள். நியூயார்க்கில் 1904-இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப் பெண்களைச் சேர்த்தது 1981-இல். அதுவரை காத்திராமல் நான்கு பெண்கள் 1925-இல் தங்களுக்கென்று பெண் புவியியலாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள், பதக்கமும் கொடுத்தார்கள். மேரி தார்ப்பின் கதையை ஜூன் கூட்டத்தில் விரிவாகப் பேசினேன், வந்தவர்களுக்கு நினைவிருக்கும். பெண்ணைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அவர் கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தார். கடலடி மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் காட்டியபோது, கூட வேலை செய்த ஹீசன் அதை முதலில் “பெண் பேச்சு” என்று ஒதுக்கினார். பிறகு நிலநடுக்க மையங்கள் அதே பள்ளத்தாக்கில் வரிசையாக விழுந்ததைப் பார்த்து ஒப்புக்கொண்டார். 1978-இல் நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டியின் ஹப்பர்ட் பதக்கம் இருவருக்கும் வழங்கப்பட்டது.

பெண்களுக்கென்று தனி விருது வேண்டுமா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் 1971-இல் அமெரிக்க வானியல் கழகத்தின் ஆனி கேனன் விருதை மறுத்தார். பெண்களுக்கு மட்டும் என்று வைப்பதும் பாகுபாடுதான் என்பது அவர் வாதம். பின்னாளில் அதே கழகத்தின் முதல் பெண் தலைவராகவும் ஆனார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெண் அறிவியலாளர்களுக்கான லோரியால்-யுனெஸ்கோ விருது 1998-இல் தொடங்கியது, இப்போது ஆண்டுக்கு ஐந்து பெண்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதை 2008-இல் வாங்கிய ஏடா யோனத்தும் எலிசபெத் பிளாக்பர்னும் 2009-இல் நோபல் வாங்கினார்கள். 2016-இல் வாங்கிய ஷார்பான்டியேயும் டவுட்னாவும் 2020-இல் வாங்கினார்கள். 2022-இல் வாங்கிய கட்டலின் கரிக்கோ மறு ஆண்டே வாங்கினார். இவர்களின் வேலை எப்படியும் பெரிய வேலைதான். ஆனால் தேர்வுக்குழுக்காரர்களின் கண் அந்தப் பக்கம் திரும்ப, முதலில் யாராவது கைகாட்ட வேண்டியிருக்கிறது. நம் விருதும் அந்த அளவுக்குத்தான், கைகாட்டுவதற்கு.

சரி, கைகாட்டினோமா? இங்கேதான் எனக்கு வருத்தம். எல்லா உறுப்பினர்களுக்கும் பரிந்துரைப் படிவம் அனுப்பினேன். இரண்டு மாத அவகாசம், இரண்டு முறை நினைவூட்டல். திரும்பி வந்தவை 3. “எனக்குத் தெரிந்து அப்படி யாரும் இல்லை” என்று பலர் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில், கல்லூரியில், மருத்துவ ஆராய்ச்சியில் வேலை செய்யும் பெண்கள் நம் உறுப்பினர்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். தெரியாது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? தேர்வுக்குழுவில் ஐவர். முதல் கூட்டத்துக்கு நால்வர் வந்தார்கள், இரண்டாவதற்கு இருவர். மூன்றாவதில் நானும் நூலகப் பொறுப்பாளரும் ஒரு மணி நேரம் காத்திருந்து, மற்றவர்களின் ஒப்புதலைத் தொலைபேசியில் வாங்கி முடிவு செய்தோம். இருவர் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள் என்று பிறகு பேசியவர்கள், அந்த மாலை வந்திருந்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் 31 ஆண்டுகள் மழைமானியைப் படித்து எழுதியவர். அவரது நோட்டுப் புத்தகங்களைப் பார்க்க என்னை அனுமதித்தார். அளவுக்குவளையைக் கண்மட்டத்தில் பிடித்து, நீரின் அடிவளைவைப் பார்த்து, மில்லிமீட்டரில் ஒரு புள்ளி வரை எழுதிய எண்கள், வரி வரியாக. மழையில்லாத நாளிலும் இடத்தைக் காலியாக விடாமல் 0.0 என்று போட்டிருக்கிறார். ஒரு பக்கத்தில் மை கரைந்திருந்தது. அதன் ஓரத்தில் அதே எண்ணைப் பென்சிலால் மறுபடி எழுதியிருந்தார். அந்த அளவுகளை வைத்து மற்றவர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், அவர் பெயர் எதிலும் இல்லை. விருது என்று சொன்னதும், “நான் எண்ணைத்தானே எழுதினேன்?” என்று கேட்டார். மேடையில் அவர் பேசிய ஐந்து நிமிடம் போதும், இந்த ஆண்டு பட்ட சிரமம் எல்லாம் தீர்ந்தது. கேட்டவர்கள் 23 பேர்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு குறைந்தது, செலவு கொஞ்சம் கூடியது, கையிருப்பு சென்ற ஆண்டை விடக் குறைவு. விருதுதான் காரணம் என்று பேச்சு இருக்கிறது. கேடயத்துக்கும் சான்றிதழுக்கும் ஆன செலவை விட நிலுவையிலுள்ள சந்தா பல மடங்கு அதிகம். உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை, சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. பெயர்களை இங்கே வாசிக்க எனக்கு விருப்பமில்லை. முடியாதவர்கள் என்னிடம் தனியே சொன்னால் போதும், செயற்குழு ஒரு வழி செய்யும்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், கூட்டத்துக்கு அரங்கம் தந்தவர்கள், நூல் நன்கொடையாளர்கள் எல்லோருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. நூலகப் பொறுப்பாளருக்குத் தனி நன்றி, அவர் இல்லையென்றால் இந்த விருது நடந்திருக்காது.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பதவிக்காலம் முடிகிறது. வேறு யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் கோப்புகளை வரிசையாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் தொடர்வேன், ஆனால் தேர்வுக்குழுவுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய மூன்று பேராவது வேண்டும். பரிந்துரைப் படிவங்கள் நூலக மேசையில் இருக்கின்றன. ஒரு பக்கம்தான்.

கடைசியாக ஒன்று. பழைய பதிவேட்டில் “மற்றும் துணைவியார்” என்ற இடத்தில் அந்த அம்மாவின் முழுப்பெயரை எழுதித் திருத்தும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் 7-ஆவதாக இருக்கிறது. அவர் குடும்பத்தாரிடம் பேசிப் பெயரை எழுத்துப்பிழையில்லாமல் வாங்கி வைத்திருக்கிறேன். இதே தீர்மானம் இரண்டு முறை குறைவெண் வரம்பு எட்டாமல், அதாவது வாக்களிக்கப் போதிய உறுப்பினர்கள் இல்லாமல், தள்ளிப்போனது. விதிப்படி சந்தா கட்டியவர்களுக்குத்தான் வாக்கு. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் பக்க மேசையில் இருக்கிறார். 7-ஆவது பொருள் வரும்வரை தயவுசெய்து யாரும் எழுந்து போக வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்