பாதி பேட்ச்சில் அடைக்கும் ஃபில்டர்

டர்பன், பிப்ரவரி

அன்புள்ள லோகா,

இங்கே காவடி முடிந்தும் புழுக்கம் விடவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். ஜோகன்னஸ்பர்க் மழையைப் பற்றி எழுதியிருந்தாய், பொறாமைதான்.

இம்யூனோகுளோபுலின் மருந்திலிருந்து வைரஸை வடித்தெடுக்கும் உங்கள் வைரஸ் ஃபில்டர் பாதி பேட்ச்சிலேயே அடைத்துக்கொள்கிறது, பிரஷரை ஏற்றலாமா என்று கேட்டாய். ஏற்றாதே. அனுமதித்த அளவுக்கு மேல் போனால் ஃபில்டரின் சவ்வை நம்ப முடியாது. கோளாறு பெரும்பாலும் உள்ளே போகிற திரவத்தில்தான் இருக்கும். சவ்வின் துளை 20 நானோமீட்டர், நமக்கு வேண்டிய எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் சுமார் 10, தடுக்க வேண்டிய பி19 பார்வோவைரஸ் என்ற குட்டி வைரஸ் 18 முதல் 26. இரண்டு மூன்று புரத மூலக்கூறு ஒட்டிக்கொண்டால் போதும், வழி மறித்துவிடும். கரைப்பானும் டிடர்ஜென்ட்டும் சேர்க்கும் கட்டம் எச்.ஐ.வி.யையும் ஹெபடைட்டிஸ் பி, சி-யையும் கொழுப்பு உறையைக் கரைத்துச் செயலிழக்க வைக்கும். உறையே இல்லாத பி19க்கு அது உறைக்காது! அதனால் இந்த ஃபில்டரை விட்டால் வேறு காவல் குறைவு.

ஓட்டம் தொடக்கத்திலிருந்தே மந்தமா, போகப்போகக் குறைகிறதா? தொடக்கத்திலேயே என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கும், இல்லையேல் திரவம் குளிர்ந்தோ அடர்ந்தோ இருக்கும். போகப்போக என்றால் புரதத் திரள், அதாவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புரதம். உறைய வைத்து உருக்குவதும் பம்பில் நுரைப்பதும் அதை வளர்க்கும். 0.1 மைக்ரான் முன்ஃபில்டர் போட்டிருக்கிறாய், சரி. ஆனால் அது 100 நானோமீட்டர் அல்லவா? சின்னத் திரள் தாராளமாக நுழையும். அதைப் பிடிக்க நைலான் மாதிரி ஒட்டிப் பிடிக்கும் முன்ஃபில்டர் வேண்டும். அதையும் வைரஸ் ஃபில்டருக்கு நேர் முன்னால் வரிசையில் மாட்டு. முந்தின நாள் வடித்து வைத்தால் இரவில் மறுபடி திரளும்.

இன்னொன்று, லோட் ஷெடிங் மாதிரி மின்வெட்டு. கம்ப்ரஸர் நின்று பிரஷர் விழுந்தால், ஓட்டம் அழுத்திப் பிடித்திருந்த வைரஸ் துளைக்குள் அலையத் தொடங்கும். மறுபடி ஓடவிடும்போது நழுவி மறுபக்கம் போய்விடலாம். பிரஷர் விழாமல் இருக்க நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றைத் தயாராக வை. ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க வைரஸ் கலந்து செய்யும் சோதனையில் ஒரு நிறுத்தத்தையும் சேர்த்துவிடு. அப்போதும் 4 லாக், அதாவது பத்தாயிரத்தில் ஒன்றுக்குமேல் தப்பாத அளவு, கிடைக்கிறதா பார். அந்தச் சோதனையில் அழுக்கான வைரஸ் கரைசலைக் கலந்தால் அதுவே அடைக்கும், கவனம்.

பேட்ச் முடிந்தபின் பஃபர் கரைசலால் அலசுவதையும் அதே பிரஷரில் செய். சவ்வு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் முழுமைச் சோதனையில் தோற்றால் பதறாதே. நன்றாக அலசி, நனைத்து, மறுபடி பார். அப்போதும் தோற்றால் மறுவடிப்புதான், அதுவும் அனுமதிக் கோப்பில் முன்பே இருந்தால் மட்டும்.

அடுத்த பேட்ச்சில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டம், பிரஷர், வெப்பநிலை மூன்றையும் குறித்து அனுப்பு. வரைபடக் கோட்டைப் பார்த்தால் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
தேவன்