நோவு வரும் இரவுகளுக்காக என் பெறாமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிள்ளைக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு நீ சுன்னாகத்திலிருந்து தொலைபேசி எடுத்தபோது, உன் குரலுக்கு முன்னால் உன் மூச்சுத்தான் எனக்குக் கேட்டது. ஒன்று முடியுமுன் அடுத்ததை இழுக்கும், மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும் மூச்சு அது. நாரியிலிருந்து கால்வரை இறங்கும் நோவோடு விரல் நுனிகள் விறைக்கின்றன, உதட்டைச் சுற்றி எறும்பூர்கிறது, எனக்கு ஏதோ நடக்கப்போகிறது பெரியம்மா என்றாய். அந்த நேரத்தில் நான் சொன்னது உன் காதில் ஏறியிருக்காது என்பதால், ஆறுதலாக இருந்து வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்த விறைப்பு புதிதாக வந்த வருத்தம் என்று நீ பயந்தாய். பயத்தில் உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் விரல்களும் உதடும் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும், போதிய காற்று கிடைக்கவில்லை என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுக்கிறோம், விறைப்பும் கூடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அன்போடுதான் “நன்றாக இழுத்து மூச்சு விடு” என்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் இழுக்கும் மூச்சைச் சிறிதாக்கி, விடும் மூச்சை நீட்டுவதே உதவும். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொன்னால் கேட்காதே. முட்டு வருத்தமோ இதய வருத்தமோ உள்ளவர்களுக்கு அது ஆபத்தாக முடியும்.

2017இல் எனக்கும் இதே நோவு வந்தது உனக்குத் தெரியும். நல்லூர்க் கோவிலின் விடியற்கால மணி எப்போது கேட்கும் என்று படுத்தபடி காத்திருந்த இரவுகள் அவை. மல்லாந்து படுத்து, முழங்கால்களின் கீழ் இரண்டு தலையணைகளை வைத்து, மடித்த துவாயொன்றை வயிற்றின் மேல் போட்டுக்கொள்வேன். மங்கிய விளக்கில் கூரையின் சலாகைகள் தெரியும். மூக்கால் மூச்சு உள்ளே போகும்போது கண்ணால் நான்கு சலாகைகளைக் கடப்பேன்; துவாய் மெல்ல உயரும். சூடான தேநீரை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து ஊதும்போது ஆறு சலாகைகள், துவாய் இறங்கும். முதல் இரவில் நான்காவது சலாகையில் எண்ணிக்கை குழம்பிப்போய் அழுகை வந்தது. குழம்பினால் ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் எடுத்தது.

ஒரு சலாகைக்கு ஒரு நொடியாக, நான்கும் ஆறுமாக ஒரு மூச்சுக்குப் பத்து நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடுகிறோம். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைவதும் வெளியே விடும்போது தணிவதும் இயல்பு; மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகசு நரம்பு அந்தத் தணிவை நடத்துகிறது. மனதைத் தைரியமாக வைத்திரு என்று எல்லோரும் உனக்குச் சொல்கிறார்கள். ஆனால் துடிக்கும் இதயத்தையோ வியர்க்கும் உள்ளங்கையையோ நிறுத்து என்று யாராலும் கட்டளையிட முடியாது. தானாகவும் நடந்து, நாம் சொன்னாலும் கேட்பது மூச்சு. ஆகவே பதகளிப்புக்குள் கைவைக்க நமக்குக் கிடைத்த பிடி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நோவை அது எடுத்துவிடாது. நோவுக்குப் பயந்து இறுகும் தோளையும் தாடையையும் நாரித் தசையையும் தளர்த்தும்; இறுக்கம் சேர்த்த நோவு குறையும். ஆகையால் வைத்தியர் தந்த குளிசைகளை நிறுத்தாதே. கட்டிலில் திரும்பும்போது நீ மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்கிறாய். முதலில் ஒருக்களித்து, ஊதிக்கொண்டே கையை ஊன்றி எழும்பிப் பார். யோகாசன வகுப்பில் சொன்ன கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்திவைப்பது, இப்போது வேண்டாம்; பதகளிப்பில் அது மூச்சு முட்டுவதுபோலவே இருக்கும்.

இன்னொன்றை மறக்காதே. தொடைகளின் இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சலம் போக முடியாமல் போனாலோ, கால் சோர்ந்து விழுந்தாலோ மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சை அமுக்கும் நோவு வியர்வையோடு கைக்கோ தாடைக்கோ பரவினால் 1990க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடு.

நோவு உச்சத்தில் நிற்கும்போது இதைப் புதிதாகப் பழக முடியாது. நோவு சற்று அடங்கியிருக்கும் மாலை வேளையில், சாய்மனைக்கதிரையில் இருந்து ஐந்து நிமிடம் பழகு. தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள். இன்றிரவு எட்டு மணிக்கு, நோவு தொடங்குமுன், எனக்கு அழை. கதைக்க வேண்டியதில்லை, தொலைபேசியைத் தலையணையில் வைத்துவிடு, நான் இங்கிருந்து நான்கும் ஆறும் எண்ணுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா
நல்லூர்