துணைவேந்தர் பதவிக்கு ஆளைத் தெரிவுசெய்யும்போது: யாழ். பல்கலைக்கழகப் பேரவையின் வெளிவாரி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேரவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் கிளிநொச்சியில் ஒரு சிறிய ஒட்டுவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், தண்ணீர் இறைக்கும் மெசின், பெட்டி, படலை என்று எது வந்தாலும் செய்வோம். பல்கலைக்கழகத்தில் படித்தவன் இல்லை. அங்கே வேலை கேட்டு நிற்கிறவர்களும் என் வீட்டில் இல்லை. ஆகவே இந்த மடலுக்குள் வேறு ஏதும் ஒளிந்திருக்குமோ என்று தேட வேண்டாம். ஏ9 வீதியில், பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகம் இருக்கிற அறிவியல் நகரைக் கடக்கும்போதெல்லாம் மனதில் ஓடுகிற ஒரு விஷயத்தைத்தான் எழுதுகிறேன்.

துணைவேந்தருக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களைத் தெரிவுசெய்து அனுப்புவது பேரவை; அதில் ஒருவரை மூன்று வருடத்துக்கு நியமிப்பது ஜனாதிபதி. அந்தப் பேரவையில் உள்ளே இருக்கிறவர்களைவிட வெளியிலிருந்து வருகிற உங்கள் தொகை கூடுதலாக இருக்கும்படி அதே சட்டம் வைத்திருக்கிறது. வர்த்தகம், கைத்தொழில், நிருவாகம் என்று பல துறைகளில் இருந்து ஆட்களைக் கூப்பிட்டு அந்த நாற்காலிகளில் இருத்தியது, ஊருக்கும் அங்கே ஒரு குரல் வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் மன்னிக்கவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பேராசிரியர் அழகையா துரைராஜாவை உங்களில் சிலர் நேரே கண்டிருப்பீர்கள். வடமராட்சிக்காரர். ஹாட்லிக் கல்லூரியில் தொடங்கி, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, கேம்பிறிட்ஜ் வரை போனவர். அங்கே அவர் எடுத்த விஷயம் மண். ஈரக் களிமண்ணை அமுக்கினால் அது எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும், அப்போது உராய்வில் எவ்வளவு சக்தி செலவாகும் என்று அளந்து பார்த்தார். பார்வைக்குக் குழப்பமாக இருக்கும் அந்தச் சங்கதிக்குள் எளிமையான ஒரு கணக்கு இருப்பதைக் காட்டினார். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா என்று மூவர் பெயரிலும் வந்த ஆய்வுக் கட்டுரை மண் பொறியியலில் ஒரு திருப்பம். ‘கேம் களி’ என்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிப்பிக்கிற மாதிரிக்கு அடியில் அவருடைய அளவைகள் கிடக்கின்றன. அந்தக் கட்டுரையைக் காட்டினால் எந்த நாட்டிலும் ஒரு நல்ல கதிரை கிடைத்திருக்கும். அவர் பேராதனைக்கு வந்து படிப்பித்தார், அங்கே பீடாதிபதியாக இருந்தார், 1988இல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராக வந்தார்.

என்ன காலத்தில் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வந்தபோது இந்திய இராணுவம் நின்றது. 1990 பங்குனியில் அது போனது, ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் போய்விட்டது. பொருளாதாரத் தடையில் சீமெந்து இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. துணைவேந்தர் சைக்கிளில் போனார் என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் கதைப்பார்கள். எளிமைக்கு உதாரணமாக அதைத்தான் மேடையில் எல்லோரும் எடுப்பது. எனக்கு அந்தச் சைக்கிள் பெரிய விஷயமாகப் படவில்லை. அப்போது ஊரே சைக்கிளில்தானே போனது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. விவசாய பீடத்தை அவர் காலத்தில் கிளிநொச்சியில் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி வளாகத்துக்குள் இரண்டு அறையை ஒதுக்கி, வெளியே ஒரு பெயர்ப்பலகையைக் கொழுவியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? விரிவுரையாளர்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் வயல் இருந்தது இங்கே, குளம் இருந்தது இங்கே. ஒரு சீமெந்துப் பை கொண்டுவரவே வழியில்லாத நாளில், குடாநாட்டுக்கு வெளியே, பாதை பூட்டிக் கிடந்த ஒரு பக்கத்தில் ஒரு பீடம். பொறியியல் பீடமும் இங்கேதான் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மண் எங்கே தாங்கும், எங்கே இளகும் என்று கணக்குப் பார்த்த ஒருவர் எடுத்த முடிவு அது.

1994 ஆனியில் அவர் போய்விட்டார். வயது அறுபது ஆகவில்லை. விவசாய பீடம் போரில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, எல்லாம் ஓய்ந்த பிறகுதான் திரும்பி வந்தது. பொறியியல் பீடம் அறிவியல் நகரில் முதல் தொகுதி மாணவர்களைக் கண்டது 2014இல். தென்னையை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். இந்தப் பனையை அவர் பார்க்கக்கூட இல்லை. நீங்கள் ஆளைத் தெரிவுசெய்வது மூன்று வருடத்துக்கு. மூன்று வருடத்தில் காய்க்கிற கன்றை மட்டும் நடுகிறவர் வந்தால், நடுகிற நாளில் படம் எடுப்பதோடு எல்லாம் முடிந்துவிடும்.

பிரதேச அபிவிருத்தி என்று இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். இந்த ஊரில் ஒரு காலத்தில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது, காங்கேசன்துறையில் சீமெந்து இருந்தது, ஆனையிறவில் உப்பு இருந்தது. போரோடு மூன்றும் நின்றன. உப்பு மட்டும் மெல்ல எழும்பியிருக்கிறது. அந்த நாளில் அவற்றைக் கொண்டுவந்தது கொழும்பு. இனி அப்படி யாரும் கொண்டுவந்து தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கிற பெரிய நிறுவனம் என்று பார்த்தால் மிஞ்சுவது உங்களுடைய பல்கலைக்கழகம்தான்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர்ப் பிரச்சினையை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீர். அதற்குள் உரத்தின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழியின் கழிவும் இறங்குகிறது. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்டது நியாயம். இரணைமடுவில் இருந்து குழாய் போட்டால் எங்கள் சிறுபோகம் என்னாகும் என்று இங்கத்தைய கமக்காரர் கேட்டதும் நியாயம். வருடக்கணக்காக இழுபட்டு, கடைசியில் தாளையடியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையம் கட்டினார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்த வாதம் நடந்த நாட்களில் எனக்கு ஒரு எண்ணம் வந்துகொண்டே இருந்தது. ஒரு கால் திருநெல்வேலிச் செம்மண்ணிலும் மறு கால் இரணைமடுப் பக்கத்திலும் ஊன்றி நிற்கிற நிறுவனம் வடக்கில் ஒன்றுதான். இரண்டு பகுதிக் கமக்காரரையும் ஒரு மண்டபத்தில் இருத்தி, குளத்தில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்கை விரித்து வைத்தால், கட்சிக்காரர் சொல்வதை நம்பாதவர்களும் அதை நம்புவார்கள். துரைராஜா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, இல்லாத மனிதரின் வாயில் வார்த்தையை வைக்கக்கூடாது. ஆனால் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டக்கூடிய முகம் ஒரு துணைவேந்தருக்கு இருக்க வேண்டும்.

இனி என் பட்டறைக் கதை ஒன்று. சில வருடத்துக்கு முன் ஒரு பொறியியல் மாணவன், தன் பாடவேலைக்கு ஒரு இரும்புச் சட்டம் ஒட்டவேண்டும் என்று வந்தான். மூலையில் நாலைந்து இரும்புச் சில்லு உடைந்து கிடந்தது. லாண்ட்மாஸ்டருக்குச் சேற்றில் பூட்டுகிற சில்லு. எல்லாம் ஒரே இடத்தில் வெடித்திருப்பதை அவன் கண்டான். “அண்ணை, இது ஏன் எல்லாம் இந்த வளைவிலேயே போகுது?” என்று கேட்டான். இருபத்தைந்து வருடமாக அதே இடத்தில் ஒட்டிக் காசு வாங்குகிற நான், அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. மூன்று சனிக்கிழமை வந்தான். வளைத்த இடத்திலேயே ஒட்டுகிறோம், அங்கேதான் இரும்பு ஏற்கெனவே களைத்திருக்கிறது, ஒட்டுகிற சூடும் அதே இடத்தில் ஏறுகிறது என்றான். ஒட்டை வளைவிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, மூலைக்கு ஒரு சிறிய தகடு கொடுத்தோம். இப்போது என் பட்டறையில் அப்படித்தான் செய்கிறோம். போன சில்லு திரும்பி வருவது குறைந்துவிட்டது. எனக்கு வருமானமும் கொஞ்சம் குறைந்தது, அது வேறு கதை.

பெடியன் இப்போது வெளிநாட்டில். போனதில் எனக்குக் கோபம் இல்லை, போகட்டும். அவன் வந்தது தற்செயல் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒட்டுவதற்கு இரும்பு இல்லாதிருந்தால் வந்திருக்க மாட்டான். இந்த மாவட்டத்தில் என்னைப் போல எத்தனை பட்டறை, எத்தனை அரிசி ஆலை, எத்தனை மீன்வாடி. அந்தத் தற்செயலை ஒரு ஒழுங்காக்குவதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, ஒரு துணைவேந்தரின் மனம் போதும்.

ஆகவே என் கோரிக்கை. விண்ணப்பக்காரர்கள் உங்கள் முன்னால் திரையில் படம் காட்டுவார்கள். ஆய்வுக் கட்டுரை எத்தனை, உடன்படிக்கை எத்தனை, எந்த நாட்டோடு என்று சொல்வார்கள். அதையும் கேளுங்கள், துரைராஜாவும் ஆய்வால் எழும்பியவர்தான். அப்புறம், கடைசியாகக் கிளிநொச்சியில் எந்த வயலுக்குள் இறங்கினீர்கள், யாரோடு கதைத்தீர்கள், அவர் என்ன கேட்டார் என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் சொல்ல அவர் யோசிக்கிற நேரத்தைப் பார்த்துப் புள்ளி போடுங்கள். இரண்டாம் தவணையும் கிடைத்து நீங்கள் ஆறாம் வருடம் போன பிறகும் நிற்கக்கூடியதாக எதைத் தொடங்குவீர்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் கூட்டங்களில் ஒன்றை அறிவியல் நகரில் வையுங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்னொன்று வையுங்கள். மாசியில் வந்தால் காலபோக அறுவடை நேரம். காயவைக்க வேறு இடமில்லாமல் உள்வீதிகளில் பாதி அகலத்துக்கு நெல் பரப்பியிருப்பார்கள். சாரதியிடம் சொல்லி வாகனத்தை மெல்ல விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஒரு பட்டறைக்காரன்