கோபியில் வைக்கம் தெரு போட்டுத் தந்தவர்களுக்கு

எங்கள் 40 நிமிடப் படம் முடிந்துவிட்டது. கடைசியில் உங்கள் பேர்கள் திரையில் ஓடும், கண்ணிமைப்பதற்குள் போய்விடும். மனசு கேட்காமல்தான் இந்த மடல்.

1924 மார்ச் 30 அன்று, திருவிதாங்கூரின் வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் நடக்கும் உரிமை கேட்டு மூன்று பேர் போனார்கள். கோயிலுக்குள் நுழைய அல்ல, தெருவில் நடக்க. நம் ஈரோட்டிலிருந்து பெரியார் போய் இரண்டு முறை சிறைப்பட்டார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் போனார்கள். 1925-ல் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்றுதான் இருபத்து நான்கு வயது மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர்க் கோயில்களையே எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். பக்கத்துக் கொச்சி அரசு அப்போதும் மசியவில்லை. அரண்மனைக்கும் ஆசாரத்துக்கும் நடந்த அந்த இழுபறிதான் எங்கள் படம்.

தென்னையும் வயலுமாகக் கிடக்கும் தடப்பள்ளி வாய்க்கால் கரையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த தோட்டக்காரக் குடும்பத்துக்கு முதல் நன்றி. 1924 வெள்ளத்தில் தொண்டர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற காட்சிக்காகப் பையன்கள் விடிகாலையிலேயே வாய்க்காலில் இறங்கினார்கள். கரையேறி வந்ததும் அந்த வீட்டு அம்மாயி அரிசியும்பருப்பும் சோற்றை ஆவி பறக்கப் போட்டுக் கொடுத்தார்.

அரண்மனைக் காட்சிக்குப் பேசியிருந்த மண்டபம் இரண்டு நாளுக்கு முன் கைவிட்டுப் போனது. "சாமி விசயம், வேண்டாமுங்க" என்றார்கள். அன்று ராத்திரியே தன் பழைய தொட்டிக்கட்டு வீட்டுச் சாவியை நீட்டிய பெரியவருக்கும், தரை முழுக்க விரிக்கப் பவானி ஜமுக்காளங்களைக் கொண்டுவந்து இறக்கிய அண்ணனுக்கும் என்ன சொல்வது? தெருக்களை எல்லோருக்கும் திறக்கச் சொன்ன தீர்மானம் திருவிதாங்கூர்ச் சட்டசபையில் 22-க்கு 21 என்று ஒரே ஓட்டில் தோற்கும் காட்சிக்கு ஆள் வேண்டும் என்றதும், சென்னிமலையிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வேன் பிடித்து வந்தீர்கள். ஒரு நாள் கூலி போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தெருவைத் திறக்கக் கூடாது என்ற வைக்கம் வைதீகர்களின் தலைவர் இண்டந்துருத்தி நம்பூதிரியாக நடித்த ஓய்வு பெற்ற வாத்தியாருக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறேன். 1925-ல் காந்தியை வீட்டுக்குள் விடாமல் வெளியே உட்கார வைத்துப் பேசியவர் நம்பூதிரி. நான் அவருக்கு எழுதியதெல்லாம் கத்தல். வாத்தியார் பென்சிலால் அத்தனையையும் அடித்துவிட்டார். "அந்தாளு கத்தியிருக்க மாட்டாரு கண்ணு. தான் பண்றது தர்மம்னு நம்புனவரு. எதுக்குக் கத்தோணும்?" படத்தில் அவர் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறார். எடிட்டிங்கில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதவெறிக்குக் கண் சிவந்திருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியாக, ஆடு ஓட்டிவரும் அப்பாருக்கு.

ஒதுக்கப்பட்ட சாதியார் இதற்கு மேல் வரக்கூடாது என்று அந்தக் காலத்தில் தெருவோரம் வைத்த தீண்டல் பலகை போல ஒன்று செய்து, பாலக்காட்டு நண்பரை வைத்து மலையாளத்தில் எழுதி, வண்டித்தடத்து ஓரம் நட்டிருந்தோம். மறுநாள் விடிகாலை ஆடு ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். பலகையைப் பார்த்தீர்கள். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது உங்களுக்கு. ஆனாலும் ஆடுகளைத் திருப்பி வரப்பில் இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "இந்தப் பக்கம் போலாங்களா சாமி?" என்று கேட்டீர்கள். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இது படத்துக்கு வைத்தது என்று சொன்னதும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சின்ன வயதில் எந்தெந்தத் தெருவைச் சுற்றிப் போனீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். அதில் இரண்டு தெரு வழியாக நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். படத்தின் கடைசிக் காட்சியில் அதே தடத்தில் ஆடுகளோடு நீங்கள் நடந்து வருகிறீர்கள். நடிக்கச் சொல்லவில்லை, "நடந்து வாங்க அப்பாரே" என்று மட்டும் சொன்னேன். பலகைப் பக்கம் வந்ததும் உங்கள் கால் ஒரு கணம் நின்றது. அதை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

படப்பிடிப்பு முடிந்ததும் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். போன வாரம் வந்தபோது பார்த்தேன், ஆட்டுப்பட்டிக்குப் படலாக நிற்கிறது. எழுத்து உள்பக்கம். குட்டிகள் அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன.