பேச்சுப் பயிற்சி பெறும் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. செயற்குழுவில் மாற்றம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘ஊதல், மெழுகுவர்த்தி’ என்ற செலவைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். வாங்கியவன் நான்தான். ஊதினால் வாய்த் தசை வலுப்பட்டுப் பேச்சு தெளியும் என்று நம்பினேன். கூட்டத்துக்கு வந்த பேச்சுப் பயிற்சியாளர், “ஊதும்போது குழந்தை எந்த ஒலியைச் சொல்லிப் பழகுகிறது?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. ஊதிப் பழகினால் ஊதத்தான் வரும்; ‘க’ வேண்டுமென்றால் ‘க’வைத்தான் பழக வேண்டும்.

அந்தக் ‘க’தான் இவ்வாண்டு நம்மை அதிகம் ஆட்டிவைத்தது. உறுப்பினர் ஒருவரின் மகன் ‘க’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘த’ சொல்வான். காக்காவும் அவனுக்குத் தாத்தாதான். (வீட்டுத் தாத்தா இதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.) சொல்லைக் கேட்டு உரிய படத்தைத் தொடச் சொன்னபோது தவறாமல் தொட்டான், காதுக்குத் தெரிந்த வேறுபாடு நாவுக்கு வரவில்லை. பிறகு அவனே படத்தைக் கேட்டு வாங்கும் விளையாட்டு. காக்காவைக் கேட்டான், தாத்தா படம் வந்தது. திகைத்தான். ஒலி மாறினால் பொருள் மாறும் என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது. தனி ஒலி, அசை, சொல், வாக்கியம் என்று படிப்படியாக ஏறினான். ஆனால் விளையாட்டு மும்முரத்தில் இன்னமும் தாத்தாதான் பறக்கிறார். பழகியது இயல்பான பேச்சில் படிவதற்குத்தான் நாள் பிடிக்கிறது.

நம் பக்கத்துக் குறையையும் பதிவு செய்ய வேண்டும். “சரியாகச் சொல்” என்று அதட்டி அதட்டிச் சில பிள்ளைகளை வாய் திறக்கவே தயங்க வைத்தோம். குழந்தை “தப்பல் வருது” என்றால், “ஆமாம், கப்பல் வருகிறது” என்று திருத்தமாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வது என முடிவெடுத்தோம். நான் இரண்டு நாளில் மீறினேன்.

புதிய உறுப்பினர்கள் முதலில் குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை செய்துவிடவும். நடுச்செவியில் நீர் கோத்தால்கூட ஒலிகள் மங்கலாகக் கேட்கும். வீட்டில் இரண்டு மொழி பேசுவது பேச்சு தெளியாததற்குக் காரணமில்லை. ஒன்றை நிறுத்த வேண்டாம். ர, ழ போன்றவை தாமதமாக வருவது இயல்புதான். ஆனால் நான்கு வயதாகியும் குழந்தையின் பேச்சு வெளியாருக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

ஊதல்கள் அலமாரியில் உள்ளன. விளையாட விரும்பும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம்.

செயலாளர்